தட்டில் ஏறாத சரணம்

ஆவணி 9, வெள்ளி.

உரும்பிராயில் கலியாண வீடு. மாப்பிள்ளையின் தம்பி கொழும்பிலிருந்து கிராமபோன் கொண்டுவந்திருந்தான். இரண்டாவதாகப் போட்ட இசைத்தட்டில் என் பாட்டு. நான் கட்டியது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த இந்தியப் பாடகர் ஒருவர் நான் எழுதி வைத்திருந்த கொப்பியோடு வாங்கிப் போனது. நன்றாகத்தான் பாடியிருக்கிறார். பல்லவி, அனுபல்லவி, முதற்சரணம். அதோடு தட்டு முடிந்துவிட்டது.

"மிச்சம் எங்கை, தம்பி?" என்று கேட்டேன்.

"அவ்வளவுதான், மாஸ்டர். ஒரு பக்கத்திலை மூண்டு நிமிசம்தான் கொள்ளும். உங்களுக்கும் இந்தப் பாட்டுத் தெரியுமோ?"

"ஓம், கேட்டிருக்கிறன்."

ஏன் அப்படிச் சொன்னேனோ. எனக்காக அவன் இன்னொருமுறை போட்டான். மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

பாட்டுக் கட்டுகிறவன் கடைசிச் சரணத்தில் தன் பெயரை வைப்பது வழக்கம். நான் என் பெயரை வைக்கவில்லை. என் மனைவி செல்லம்மாவின் பெயரை வைத்தேன்.

"உங்களுக்கென்ன விசரே? ஊர் சிரிக்குமெல்லே!" என்று சண்டை பிடித்தாள். பிறகு அன்று முழுவதும் கிணற்றடியில் அந்தச் சரணத்தையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் போய் இரண்டு வருடம்.

கலியாண வீட்டிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அந்தச் சரணத்தைப் பாடிப் பார்த்தேன். அவள் பெயர் வருவதற்கு முன்னுள்ள அடியில் ஒரு சொல் மறந்துவிட்டது. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான் இப்படித் தடுமாறினால் அவள்தான் குசினிக்குள் சமைத்தபடியே எடுத்துக் கொடுப்பாள்.

அந்தச் சொல் வரும் இடத்தில் பாட்டை நிறுத்தி, குசினிப் பக்கம் காது கொடுத்துப் பார்த்தேன்.