நின்ற இடத்திலேயே ஓடிய கார்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை, அதனால் முக்கால் நலம் என்று வைத்துக்கொள், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் முழு நலமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ குறுக்கே பேசிப் பேசியே என்னைச் சரி என்று சொல்ல வைத்துவிடுவாய், போன வாரம் காரை விற்க நான் தலையாட்டியதும் அப்படித்தான். பக்கவாதம் வந்த அப்பா ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கார் எதற்கு என்றாய், நீ அங்கிருந்தே ஆளும் பிடித்துவிட்டாய், சனிக்கிழமை அவர் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

கார் இழுக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது நாளுக்கு நாள் மோசமாகிவிட்டது. அப்பாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகும்போது மேம்பாலத்தில் ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கிறேன், அது உறுமுகிறதே தவிர ஏற மாட்டேன் என்கிறது, பின்னால் கறுப்புப் புகை, அதற்கும் பின்னால் லாரிக்காரன் ஹாரன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த வராத வலது காலால் தரையை மிதிக்கப் பார்க்கிறார். உன் சித்தப்பா வந்து பானெட்டைத் திறந்து, டர்போ போச்சு அண்ணி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுருங்க என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, காபி குடித்துப் போனார். அவருக்கு எது கெட்டாலும் தள்ளிவிடத்தான் தெரியும், நம் ஃப்ரிட்ஜுக்கும் அதைத்தான் சொன்னார், அது இன்னும் ஓடுகிறது.

மெக்கானிக் ஷெட்டில் நம் பழைய ஆள், நீ சின்ன வயசில் மொட்டை மாமா என்பாயே, அவர் முதலில் டீசல் ஃபில்டரை மாற்றினார், ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறகு கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, காத்தைத் தள்ளிவிடுற டர்போ நல்லாத்தான் இருக்கு, உள்ள போற காத்துதான் பாதியா இருக்கு என்றார். காற்று போகிற குழாயைக் கழற்றிக் காட்டினார், அடக் கடவுளே, உள்ளே தார் பூசின மாதிரி கரி, விரல் நுழைய இடமில்லை. புகையில் கொஞ்சத்தை மறுபடி என்ஜினுக்கே அனுப்புகிற வால்வு ஒன்று இருக்கிறதாம், அதுவும் கரியில் ஒட்டிக்கொண்டு மூடவே இல்லையாம். அதோடு விட்டாரா, கம்ப்யூட்டரையே உற்றுப் பார்த்து, வண்டி போன தூரம் கொஞ்சம்தான், என்ஜின் ஓடின நேரம் மலை மாதிரி இருக்கே, யாரும்மா இதை நிக்க வச்சே ஓட்டுறது என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா ஷெட்டின் கூரையை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

அப்பாதான் பேட்டரி இறங்காமல் இருக்க தினமும் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார், நானும் நல்லதுதானே என்று சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். ஐந்து நிமிஷம் என்று நினைத்தேன். விசாரித்தால், நான் பஸ் ஏறியதிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் மனுஷன் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார், என்ஜின் மெல்ல ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, அந்தச் சூடு ஏறாத ஓட்டத்தில் படிந்த கரிதான் அத்தனையும். திறந்த வாசலில்தான் கார் நிற்கிறது, புகை அடைய வழியில்லை, நீ பதறாதே, உனக்கும் சேர்த்து நானே பதறியாயிற்று. காரை அங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் வரும்போது நன்றாகத் திட்டினேன். அவர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, உக்காந்தா, ஓட்டுற, மாதிரி, இருக்கு என்றார். ஆயுசெல்லாம் வண்டி ஓட்டியே நம்மைக் காப்பாற்றிய மனுஷன். எனக்கு அழுகை வந்துவிட்டது, பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

இரு, வாசலில் ஏதோ சத்தம். ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டு வண்டி. சாவி இப்போது என் கைப்பையில்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

மொட்டை மாமா எல்லாவற்றையும் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட்டு, இத்தோட விட்டா மறுபடி அடைச்சுக்கும், நீள ரோட்டுல கொண்டுபோய் கியரைக் குறைச்சு நல்லா உறும விட்டு ஓட்டுங்க, மிச்சக் கரி எரிஞ்சு போயிரும் என்றார். ஆஸ்பத்திரி, கடை, வீடு என்று உருட்டிக்கொண்டிருக்கிறவள் நான். சித்தப்பாவைக் கூப்பிடலாம் என்றேன், அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு முன்சீட்டில் ஏறி பெல்ட்டை இழுத்துக்கொண்டார். நேற்றுக் காலை கிளம்பினோம். ரோட்டில் ஏறியதும் ஆரம்பித்தார் பார், கண்ணாடியைப் பாரு, தேர்டுலயே வையி, அமுக்கு, இன்னும் அமுக்கு, பிரேக்குல எதுக்குக் காலை வைக்கிற, அந்த லாரிக்காரன் உன்னைத் தின்னுட மாட்டான், போ என்று. அத்தனையும் தடங்கலில்லாமல் வருகிறது கண்ணு, ஒரு வார்த்தையைக்கூடத் தேடி எடுக்கவில்லை! பேச்சுப் பயிற்சிக்கு வருகிறவர் படத்தைக் காட்டி பூனை என்று சொல்லவைக்கப் படாத பாடு படுகிறார், என்னைத் திட்ட மட்டும் வார்த்தை வரிசையில் வந்து நிற்கிறது. பயத்தில் அழுதேனா சந்தோஷத்தில் அழுதேனா தெரியாது, கால் மட்டும் ஆக்சிலேட்டரை விடவில்லை. பின்னால் கறுப்பாகக் கொட்டிய புகை திரும்பி வரும்போது துளிகூட இல்லை, மேம்பாலத்தில் கார் ஜம்மென்று ஏறியது.

அதனால் அந்த சனிக்கிழமைக்காரருக்கு நானே போன் பண்ணி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை, டாக்சியில் போனால் என்ன என்பாய். நியாயம்தான், நான் ஓட்டும்போது அவருக்கு மறுபடி ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்தாலே எனக்கு திக்கென்கிறது, இராத்திரி தூக்கமும் சரியாக இல்லை. ஆனால் டாக்சிக்காரரை அவர் திட்ட முடியாதே. இனி சனிக்கிழமை தோறும் நீள ரோடு என்று அவரே முடிவு பண்ணிவிட்டார்.

நீயும் குளிருக்குச் சூடு பண்ணுகிறேன் என்று காரை நிற்க வைத்தே ஓட விடாதே, மாப்பிள்ளையிடமும் சொல். பேரனுக்கு என் முத்தம், எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருங்கள். ஒன்றை மறக்காதே, ஊருக்கு வருகிற அன்றைக்கு டாக்சி பிடித்துவிடாமல் ஏர்போர்ட் வாசலிலேயே நில். நான் ஓட்டிக்கொண்டு வருவேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டு வருவார்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா