கல்லின் பின்பக்கம்

பாஸ்டன்
3 ஆகஸ்ட் 1897

அன்புத் தம்பி ஐராவுக்கு,

தோள்வலி எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை அலமாரியில் தூங்குகிறதா?

நல்ல செய்தி ஒன்று. முதல் குடியேறிகளின் வம்சாவளிச் சங்கம் நம் மூதாதை ஒபதியா ஸ்டான்விக்குக்கு நினைவுக்கல் வைக்கப்போகிறது. நம் பழைய வீட்டு முற்றத்தில், அக்டோபர் ஒன்பதாம் தேதி. “கனவான், நிலக்கிழார், இவ்வூரை எழுப்பியவர்” என்று வாசகம். என்னை உறுப்பினராகச் சேர்க்க ஒரு குறைதான். 1660க்கு முன்பே அவர் மார்ஷ்பரியில் இருந்ததற்கு ஆவணம் வேண்டுமாம். ஊர்ப் பதிவேட்டில் தேடி நகல் எடுத்து அனுப்பு.

இன்னொன்று. பின்கட்டில் நீ குடிவைத்திருக்கும் ஃபின்லாந்துக்காரர்களை அதற்குள் காலி செய்துவிடு. நாற்பது சீமாட்டிகள் வரும் நாளில் கொடியில் கிழிசல் துணி ஆடக் கூடாது. என் வீட்டுக்காரர் ஹொரேஸ் கேட்கிறார்: “உன் தம்பி வீட்டைச் சத்திரமாக்கிட்டானே, பாதி வீடு உன்னோடதுன்னு ஞாபகம் இருக்கா அவனுக்கு?”

உன் அக்கா
லவீனியா

மார்ஷ்பரி
15 ஆகஸ்ட்

அக்காவுக்கு,

தோள் அப்படியேதான். தைலம் ஐலியின் சின்ன மகள் நெஞ்சுச் சளிக்குப் போய்விட்டது.

நீ சொல்லும் ஃபின்லாந்துக்காரர்கள் மொத்தம் மூன்று பேர். ஐலி, அவளுடைய இரண்டு பெண் குழந்தைகள். அவள் புருஷன் எய்னோ குவாரியில் என் பக்கத்தில் நின்று கல் பிளந்தவன். மே மாதம் வெடி முந்திக்கொண்டது. அவனைப் புதைத்த ஆறாம் நாள் கம்பெனி வீட்டுக்கு வேறு பூட்டுப் போட்டார்கள். மழையில் நனையும் கட்டிலின் மேல் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு தெருவில் நின்றாள். நான் பார்க்காத மாதிரி போயிருக்க வேண்டுமா என்று ஹொரேஸைக் கேட்டு எழுது.

பதிவேட்டை எனக்கு விடுப்புக் கிடைக்கும் நாளில் பார்க்கிறேன்.

ஐரா

பாஸ்டன்
2 செப்டம்பர்

தம்பிக்கு,

படித்துவிட்டு அழுதேன். நம்புவாயோ மாட்டாயோ.

ஆனால் ஹொரேஸ் வக்கீலிடம் போய்விட்டார். அக்டோபர் முதல் தேதி வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வரும். நான் சொல்லி அவர் செய்யவில்லை. நான் தடுக்கவும் இல்லை. அதை மறைக்க மாட்டேன்.

இந்த வீட்டில் இருபது வருஷமாக நான் கல்லுடைப்பவனின் மகள்தான். போன வாரம்கூட விருந்தினர் முன்னால் மாமியார் கேட்டார்: “லவீனியா, உங்க பக்கத்து ஆளுங்க மீனைக் கையாலதான் பிய்ப்பாங்களோ?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சங்கத்தின் உறுப்பினர் நாடா என் மார்பில் இருந்தால் அப்படிக் கேட்க முடியாது. இதற்குமேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

லவீனியா

மார்ஷ்பரி
12 செப்டம்பர்

அக்காவுக்கு,

ஊர் எழுத்தர் என்னைப் பார்த்ததும் இளித்தார். “ஸ்டான்விக்கா? உங்க முப்பாட்டன் எங்க புத்தகத்துல ஒரே பக்கத்துலதான் வர்றாரு. படிச்சிட்டு என்னைத் திட்டக் கூடாது.”

அவர் முத்திரை வைத்த நகல் இத்துடன் இருக்கிறது. நீயே படி.

“1652 ஜனவரி. கூலியாக வந்து ஒப்பந்தக் காலம் முடிந்த ஒபதியா ஸ்டான்விக்கும் கர்ப்பிணியான அவன் மனைவியும் ஊருக்குப் பாரமாவார்கள். பதினான்கு நாளில் ஊரைவிட்டுப் போகவேண்டும். இடம் கொடுப்போருக்கு அபராதம்.”

அடுத்த வரி: “விதவை மெர்சி டாக்கெட் அவர்களைத் தன் தொழுவத்தில் வைத்திருந்ததால் அபராதம்.” அதற்கடுத்தது: “மேற்படி விதவை மீண்டும் அவ்வாறே செய்ததால் அவள் பசு பறிமுதல்.” கடைசி வரி: “மார்ச். மேற்படி தொழுவத்தில் ஸ்டான்விக்குக்கு ஆண் குழந்தை.”

கனவானும் இல்லை, நிலக்கிழாரும் இல்லை. இருந்த ஒரே பசுவையும் ஓட்டிப்போன பிறகும் அவள் அவர்களை வெளியே அனுப்பவில்லை. அந்தப் பிள்ளையின் வம்சம்தான் நீயும் நானும்.

அக்டோபர் முதல் தேதி நோட்டீஸ் வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். அதன்பிறகு உனக்குக் கடிதமும் எழுத மாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, அக்கா. இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஐரா

பாஸ்டன்
27 செப்டம்பர்

என் ஐராவுக்கு,

அந்த நகலை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். துரத்திவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவேளை அதற்காகவே போனேனோ என்னவோ. பதிவாளர் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “பிரமாதம். 1652. எங்க தலைவியம்மாகிட்டகூட இவ்வளவு பழைய அத்தாட்சி இல்ல.”

“கீழ படிச்சீங்களா? ஊரைவிட்டுத் துரத்தின உத்தரவு அது, அம்மா” என்றேன்.

“தேதி தெளிவா இருக்கே. அது போதும்.”

அங்கிருந்தவர்கள் கைதட்டினார்கள். நாடாவைக் குத்திவிட்டார்கள். அன்றிரவு மாமியார் என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து மீனை எடுத்துவைத்தார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

நோட்டீஸ் வராது. என் கையெழுத்து இல்லாமல் அது செல்லாதாம். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான்கு நாளாக ஹொரேஸ் என்னிடம் பேசவில்லை. சாப்பாடு தனியாக என் அறைக்கு வருகிறது.

வாசகத்தை மாற்றச் சொல்லிப் பார்த்தேன். வெட்டியாகிவிட்டது என்றார்கள். கல் ஆறாம் தேதி ரயிலில் வரும். முகப்பு தெருவைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று கண்டிப்பு. அப்படியே நிறுத்து. பின்பக்கம் வழவழவென்று காலியாக இருக்கிறது, நானே தடவிப் பார்த்தேன். அது ஐலியின் ஜன்னலைப் பார்த்து நிற்கும். அந்தச் சீமாட்டிகள் ஒருத்தரும் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக மாட்டார்கள். உன் தோள் ஒத்துழைத்தால் அங்கே மெர்சி டாக்கெட்டின் பெயரை வெட்டு. பசுவை விட்டுவிடாதே.

துணிக்கொடியைக் கழற்ற வேண்டாம்.

நான் எட்டாம் தேதியே வருகிறேன், ஒரு பெட்டியோடு. உன் பக்கம் இருப்பது ஒரே அறை என்று தெரியும். பின்கட்டில் எனக்குக் கொஞ்சம் இடம் கொடுப்பாளா என்று ஐலியிடம் கேட்டுவை. எத்தனை நாளைக்கு என்று கேட்டால், எனக்கே தெரியவில்லை என்று சொல்.

லவீனியா ஸ்டான்விக்