பூ இல்லாத அத்தர்

என் தங்கை மகள் சென்னையிலிருந்து ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வந்திருக்கிறாள். பசுமை மாறாக் காடுகளின் வாசனையாம், முழுக்கத் தாவரங்களாம், அட்டையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கேட்காமலேயே என் மணிக்கட்டில் அடித்துவிட்டு, "எப்படி இருக்கு பெரியம்மா?" என்றாள். காடாவது கத்திரிக்காயாவது! எலுமிச்சம்பழ சோப்பு வாசனை. எனக்கு வந்த கோபம் அவளுக்குப் புரியவில்லை. உனக்குப் புரியும் என்பதால் உன்னிடம் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளிக்கு நீயும் டீச்சராக வந்தபோது உனக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனைமலையில் ரேஞ்சராக இருந்த உன் கணவர் காய்ச்சலில் போய்விட, ஸ்ரீரங்கத்தில் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்திருந்தாய். காலையில் நீ பஸ்ஸுக்கு நடந்து வந்தால், எதிரே வரும் மாமிகள் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்கள். அதை நீ என்னிடம் நடித்துக் காட்டிச் சிரிப்பாய். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும்.

பெரிய கடை வீதியில் எங்கள் அத்தாவுக்கு அத்தர் கடை. வீட்டில் கலப்பது நான். அது தெரிந்ததும் ஒரு நாள் கேட்டாய்: "ஜைனப், மழை விட்டப்புறம் காட்டிலேர்ந்து அவர் ஆத்துக்கு வருவார். நனைஞ்ச காக்கிச் சட்டையில ஒரு வாசனை இருக்கும். அது வேணும்டி. பூ ஒண்ணும் போடாதே. பூ தானே எனக்குக் கூடாது?"

பூ இல்லாமல் அத்தரா என்று அத்தா திகைத்தார். வெட்டிவேர், ஏலக்காய், அந்த மலைகளில் வடிகிற வெள்ளைக் குங்கிலியம் என்று எதையெதையோ சேர்த்துப் பார்த்தேன். நீ முகர்ந்து பார்த்து, "இல்ல, இன்னும் குளிரணும்" என்பாய். கடைசியில் ஒரு சிட்டிகை பச்சைக் கர்ப்பூரம் சேர்த்தேன். அன்று முகர்ந்தவள் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாய். "வந்துட்டார்" என்று மட்டும் சொன்னாய்.

அந்தக் கர்ப்பூரம் செய்த வேலையைப் பார். கோயிலில் தீர்த்தத்துக்கு நின்றபோது பின்னால் நின்ற மாமி ஒருத்தி, உன்மேல் பெருமாள் வாசனை அடிக்கிறது என்று உன் தலைப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பச்சைக் கர்ப்பூரம் என்றால் ஸ்ரீரங்கத்து மூக்குக்கு ரங்கநாதர்தானே! தெருவே நம்பியது. உன்னைக் கண்டு திரும்பிப் போனவர்கள் உன் முகத்தில் விழித்துவிட்டுப் போகக் காத்திருந்தார்கள். வாயைத் திறக்காதே என்று உன்னிடம் கெஞ்சினேன்.

உன் தம்பி மகள் கல்யாணத்தில் நானும் டீச்சர்களோடு உட்கார்ந்திருந்தேன். நீதான் தூக்கி வளர்த்த பெண். ஆனாலும் தூணுக்குப் பின்னால் நின்றாய். அந்த மாமியே வந்து உன் கையைப் பிடித்தாள்: "பெருமாளே உம்மேல இருக்கார். நீ முன்னால வந்து அட்சதை போட்டா என்ன குறைஞ்சுடும்?" ஒரே ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். மணப்பெண்ணும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பெருமாள் வாசனை இல்லை மாமி. அத்தர். ஜைனப் பண்ணிக் குடுத்தா. என் ஆத்துக்காரர் சட்டையில இருந்த காட்டு வாசனை. இப்பவும் நான் முன்னால வரலாமா?"

மாமி கையை விட்டுவிட்டாள். உன் தம்பி உன்னைக் கொல்லைப்புறம் போகச் சொன்னார். அன்று சாயங்காலமே அத்தர்க் குப்பியைச் சாக்கடையில் கவிழ்த்தாராம். அடுத்த வெள்ளிக்கிழமையே நான் வேறு குப்பி கொண்டுவந்து கொடுத்தேன். ஏண்டி உளறினாய் என்று உன்னைத் திட்டவும் செய்தேன். "வரச் சொன்னா நான் நானாத்தான் வரணும். வேஷம் போட்டுண்டு வர மாட்டேன்" என்றாய். கடைசி வரைக்கும் அதைப் பூசிக்கொண்டுதான் பள்ளிக்கு வந்தாய்.

உன் பதின்மூன்றாம் நாள் கழிந்து துக்கம் கேட்க வந்தேன். கூடம் நிறைய ஜனம். நடுவில் உன் தம்பி கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அக்கா சாதாரண மனுஷி இல்லை. கடைசி மூச்சு வரைக்கும் அவ மேல பெருமாள் வாசனை." மாமிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குப்பியைக் கவிழ்த்த அதே கை கூப்பியிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அது பெருமாள் வாசனை இல்லீங்க. அவங்க வீட்டுக்காரர் வாசனை. நான்தான் கலந்து குடுத்தேன்" என்றேன்.

"போனவளப் பத்தி நல்லதாத்தானே சொல்லிண்டிருக்கேன்?" என்றார் உன் தம்பி. சுற்றியிருந்தவர்களும் என்னைத்தான் முறைத்தார்கள்.

ஆமாம், நல்லதாகத்தான் சொன்னார். உன்னைத் தெய்வமாக்க அத்தனை பேரும் தயாராக இருந்தார்கள். புருஷனை நினைத்துக்கொண்டிருந்த ஒரு பொம்பளையாக இருக்க மட்டும் ஒருத்தரும் விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற விடுவதாகவும் இல்லை.