மதுரையில் இரண்டு நாள்

தேவிகுளம் மலை, ஆவணி 10

ஆத்தா பாதம் தொட்டு மகள் சந்தனம் எழுதுவது. நான் சுகம். உன் மூட்டுவலி குறைந்ததா?

சனி, ஞாயிறு இரண்டு நாள் மூவரும் மதுரையில் கூடலாம், கோயில் பார்த்துத் தெப்பக்குளத்தில் உட்கார்ந்து சோறு தின்னலாம் என்று ஆறு மாதமாகப் பேசிவைத்திருந்தோமே. புருஷன் பெண்டாட்டி இருவரையும் சேர்த்து அனுப்பினால் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்ப மாட்டார்களாம். கங்காணி ஒருவரைத்தான் விட்டார். நான் லயத்து வீட்டில் பிணையாக இருந்தேன், உன் மருமகன் புறப்பட்டார். மதுரை வெயிலுக்கு எதற்கென்று நான் சிரிக்கச் சிரிக்க, இருந்த ஒரே கம்பளியையும் எடுத்துக்கொண்டார்.

பத்து நாளாயிற்று. மழையில் பாதை இடிந்திருக்கும், நீ கவலைப்படாதே. மதுரை ரயிலடியில் உன்னை வந்து பார்த்தாரா, அதை மட்டும் எழுது.

எழுதித் தருகிற கடைக்காரர் அவசரப்படுகிறார். முடிந்தால் ஒரு கம்பளி அனுப்பு. பெரிதாக வேண்டாம், ஒரு ஆளுக்குப் போதும்.