உதையில்லாத கணக்கு

போனை எடுக்காதவனுக்கு,

எப்போது கூப்பிட்டாலும் உன் அக்காதான் எடுக்கிறார். “அவன் தூங்குறான்மா, எழுந்ததும் பேசச் சொல்றேன்.” ஒரு மனுஷன் எவ்வளவுதான் தூங்குவான்?

வீட்டுக் கணினியில் நம் ஆய்வுக் கணக்கை விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சேர்ந்தே பிறந்த இரண்டு பெரிய நட்சத்திரங்களில் ஒன்று வெடித்துக் கருந்துளையாகும்போது, அந்த வெடிப்பு தரும் உதையிலேயே பல ஜோடிகள் பிரிந்துவிடுகின்றன. அடுத்ததும் வெடிக்கும். இரண்டு உதைகளையும் தாங்கியவைதான் கருந்துளை ஜோடியாகின்றன. உனக்குப் போய் இதைச் சொல்கிறேன் பார்.

நேற்று ஒரு ஜோடிகூடப் பிரியவில்லை. சந்தோஷத்தில் கத்தியேவிட்டேன். பிறகு பார்த்தால், உதையின் அளவைப் பூஜ்யமென்று போட்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால், “உதையே இல்லன்னா யார்தான் பிரிவாங்க, மக்கு?” என்று தலையில் குட்டியிருப்பாய்.

திரையின் ஓரத்தில் பாப்பா ஒட்டிய யானை ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நாம் இரண்டு பேர் மட்டும் திரும்பிய அன்று கொண்டுவந்த பை வாசலிலேயே கிடக்கிறது. அதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. நீயும் திறக்காமல்தானே அக்கா வீட்டுக்குக் கிளம்பினாய்.

இன்று உண்மையான உதையைப் போட்டு ஓட்டினேன். ஏராளமானவை சிதறிப் போயின. சில மட்டும் தாங்கின. ஏனென்று தேடினேன். அவை வெடிப்புக்கு முன்பே மிக நெருக்கமாக இருந்தவை.

நாமும் அப்படித்தானே இருந்தோம்? தூங்கினது போதும், எழுந்து வந்து சொல்லு. இருந்தோம்தானே?

இன்னும் இங்கேயே சுற்றிக்கொண்டிருப்பவள்