எஞ்சின் சூடாகும் ஒரு நிமிஷம்

இன்று காலை கார் நிறுத்துமிடத்தில் அந்த மணம் எழுந்தது. சூடாகாத எஞ்சினின் பச்சைப் பெற்றோல் மணம். உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஒரு கிழமைதான் ஆகிறது. எனக்கு ஓட்டத் தெரியாதாம், கார் சும்மா நின்று பழுதாகுமாம். தான் ரொறன்ரோவுக்குத் திரும்ப முன் விற்றுவிட வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். வாங்க வந்த தெஹிவளைத் தம்பி காரை ஓட்டிப் பார்க்கக் கேட்டார். நானும் கைப்பையோடு என் வழக்கமான இருக்கையில் ஏறிக்கொண்டேன்.

நான் படிப்பித்த கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கு என்னைக் கொண்டுபோய் விட்ட அத்தனை வருஷமும், காரின் பொத்தானை அழுத்திவிட்டு நீங்கள் அசையாமல் இருப்பீர்கள். பற்றறியிலும் ஓடுகிற காருக்கு ஏன் இந்த எஞ்சின் உறுமல் என்று நான் எரிந்து விழுவேன்.

"புகைக்குழாய்க்குள்ள வடிகட்டி மாதிரி ஒண்டு இருக்கு. அது சூடானாத்தான் புகையைச் சுத்தமாக்கும். ஒரு நிமிஷம் பொறும்" என்பீர்கள்.

பெற்றோல் தட்டுப்பாட்டு நாட்களில் ஒருநாள் நானே கையை நீட்டி எஞ்சினை நிறுத்தினேன். நீங்கள் கோபிக்கவில்லை. திரும்ப அழுத்தினீர்கள், அந்த நிமிஷம் முதலிலிருந்து தொடங்கியது. என் பக்கம் திரும்பி, இரவு நித்திரை வந்ததா, முழங்கால் நோ எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கார் காலி வீதி நெரிசலில் ஏறிவிட்டால் உங்களிடமிருந்து ஒரு சொல் வராது. அவ்வளவு பயந்த சாரதி நீங்கள்.

இன்று அந்தத் தம்பி அழுத்தின கையோடு காரை எடுத்தார். எனக்குப் பதறிவிட்டது.

"நில்லுங்கோ தம்பி, சூடாகட்டும். எங்கட அவர் நிண்டுதான் எடுக்கிறவர்."

"நிக்கத் தேவையில்லை அன்ரி. கார் பற்றறியில மெதுவாப் போகும். எஞ்சின் தன்ர பாட்டில சூடாகும்."

நான் நம்பவில்லை. திரும்பி வந்ததும் மேசை லாச்சியிலிருந்த காரின் கைநூலை எடுத்துப் பார்த்தேன். காத்திருக்காமல் உடனே ஓட்டலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த வரிக்குக் கீழே உங்கள் பென்சில் கோடும் இருக்கிறது.

சாவியைக் கொடுத்துவிட்டேன். மகள் ஏதோ கேட்டாள். தலையிடி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

இஞ்சாரும், கொஞ்சம் கதைப்பம் என்று நீங்கள் நேரே கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால், பள்ளிக்கு நேரம் போகுது, எடுங்கோ என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் எஞ்சினைச் சாட்டாக வைத்து ஒவ்வொரு காலையும் என்னைப் பக்கத்தில் இருத்தியிருக்கிறீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. எஞ்சின் எப்போது அடங்கும் என்று காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.