கோடு தொடங்கும் இடம்

1925 செப்டம்பர் 3, வியாழன்

இன்றும் கூலிக் கணக்கில் இருளாயிக்கு அரைப்பேர், அதாவது பாதிக்கூலி, எழுதினேன். எட்டு ராத்தல் ரப்பர் பால் வெட்டிக் கொண்டுவந்தால் முழுக்கூலி முப்பத்திரண்டு காசு. கொஞ்சம் குறைந்தாலும் பாதிதான். அவளுக்குக் குறைந்தது கால் ராத்தல். “கிராணியாரே, நான் பாதி மரந்தான் வெட்டுனேனா?” என்று கேட்டாள். இது என்ன கணக்கு?

செப்டம்பர் 6, ஞாயிறு

கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்தேன். குறுக்கே பால், நெடுக்கே கூலி. எட்டு ராத்தல் வரை கோடு பதினாறு காசிலேயே படுத்துக் கிடக்கிறது. அங்கே, எதிரே தெரியும் சிம்பாங் பூலாய்ச் சுண்ணாம்பு மலைபோலச் செங்குத்தாக எழும்புகிறது. அதன் அடியில்தான் இருளாயி நிற்கிறாள்.

சாய்கோடாக மாற்றினேன். வேலைக்கு வந்தாலே பன்னிரண்டு காசு. மேற்கொண்டு ராத்தலுக்கு இரண்டரை. எட்டுக்கு அதே முப்பத்திரண்டு. அவளுக்கு முப்பத்தொன்றுக்கு மேலேயே வரும். நாளை தோட்டத்துத் துரையிடம் காட்ட வேண்டும்.

அக்டோபர் 1, வியாழன்

பாவி துரை! பன்னிரண்டை அடித்துவிட்டான். இனி ராத்தலுக்கு நாலு காசு, அவ்வளவுதான். “எட்டுக்கு முப்பத்திரண்டு வருகிறதே, உன் கோடுதானே?” என்கிறான். என் கோடா? என்னுடையது பன்னிரண்டில் தொடங்கியது. இவனுடையது பூஜ்யத்தில் தொடங்குகிறது. மழை பெய்தால் என்று கேட்டேன். பால் இல்லை, கூலி இல்லை என்றான்.

அக்டோபர் 14, புதன்

விடாத மழை. நனைந்த மரத்தை வெட்ட முடியாது. காலையில் பெயர் கொடுக்க வந்து நின்ற அத்தனை பேருக்கும் பூஜ்யம் எழுதினேன். இருளாயி ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“முன்னாடி பாதியாச்சும் கெடச்சிச்சு. ஒங்க கணக்கு வந்து அதுவும் போச்சு. யாரு கேட்டா ஒங்கள?”

யாரும் கேட்கவில்லை. நானாத்தான் போனேன். படிச்ச திமிரு... சே.

அக்டோபர் 15

பன்னிரண்டைத் திருப்பிக் கேட்கப் போனேன். துரை என்னைப் படியேற விடவில்லை.

அக்டோபர் 18, ஞாயிறு

கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துச் சுவரில் கரியால் இரண்டு கோடும் போட்டேன். எதைத் துரை வெட்டினான் என்று காட்டினேன். முதலில் திட்டினார்கள், பிறகு கேட்டார்கள். ரப்பர் நல்ல விலைக்குப் போகிறது. எல்லாத் தோட்டமும் ஆள் தேடுகிறது. இருளாயிதான் சொன்னாள்: “சட்டப்படி ஒரு மாசத்துக்கு முன்னாடி சொல்லிட்டுக் கோலா கங்சார் பக்கத் தோட்டத்துக்குப் போலாம். எல்லாரும் சேந்து சொல்லுவோம்.”

லயமே நோட்டீஸ் கொடுத்தது. கங்காணி பத்துமலை, நான் கோடு போட்டது உட்பட எல்லாவற்றையும் துரையிடம் சொல்லிவிட்டானாம். சொல்லட்டும்.

நவம்பர் 17, செவ்வாய்

நோட்டீஸ் முடிந்தது; லயத்தில் எல்லோரும் மூட்டை கட்டி நின்றார்கள். என் கோட்டின்படியே பன்னிரண்டு காசு உண்டு என்று துரை என்னை வாசிக்கச் சொன்னான். ஒருவரும் அசையவில்லை. துரை வாயால் சொல்லட்டும் என்றாள் இருளாயி. குடை பிடித்துக்கொண்டு வந்து அவனே சொன்னான்.

நவம்பர் 20, வெள்ளி

இன்றும் மழை. வந்த எல்லோருக்கும் பன்னிரண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்றோடு எனக்குச் சீட்டுக் கிழித்துவிட்டான் துரை; புதுக் கிராணி வாசலில் காத்திருக்கிறார். பேனாவைத் துடைத்து அவரிடம் கொடுக்க வேண்டும்.